குளிர்கால விடுமுறைக்குப் பினாங்கு

எங்கள் வகுப்பில் குளிர்கால விடுமுறைக்கு வெளிநாடு போகிற பிள்ளைகள் தனி ஜாதி. ஜனவரியில் திரும்பி வரும்போது அவர்களுக்கு வெயில் பட்டு மூக்கு நுனி சிவந்திருக்கும். ஸ்பெயின் என்பார்கள், துபாய் என்பார்கள். ஆசிரியை சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் அந்த இடத்தைத் தேடி ஒரு சின்னக் காகிதக் கொடியைக் குத்துவார். எங்கள் குடும்பத்தின் பெயரில் அந்தப் படத்தில் ஒரு கொடியும் கிடையாது. அப்பா ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். அம்மா முதியோர் விடுதியில் வேலை பார்த்தார். பண்டிகை நாட்களில் விடுதியில் ஆள் குறைவு என்பதால் அப்போதுதான் அம்மாவுக்கு வேலை அதிகம். லெஸ்டர் நகரத்தில் எங்கள் விடுமுறை என்பது நானும் மூன்று வயதுத் தம்பியும் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பது.

அதனால் எனக்கு ஒன்பது வயதான அந்த டிசம்பரில், "நீ பினாங்குக்குப் போறே. தனியா, பிளேன்ல" என்று அப்பா சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பிறந்தது பினாங்கில்தான். பேசத் தொடங்கிய வயதில் இங்கிலாந்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள் என்பதால் அந்த ஊர் எனக்குப் படங்களில் மட்டுமே பழக்கம். அங்கே அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, இருந்தாள். அவள் வீட்டில் மூன்று வாரம். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை திரும்பி வந்துவிடலாம். தம்பி வரவில்லையா என்று கேட்டேன். "அவன் சின்னப் பையன். நீ பெரிய பொண்ணு" என்றார் அப்பா. அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுநாளே வகுப்பில் போய்ச் சொன்னேன். ஆசிரியைக்குப் பினாங்கைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. கடைசியில் கொடியைக் குத்தியபோது தீவு முழுவதும் கொடிக்குக் கீழே மறைந்துபோனது.

அம்மா வீட்டில் இருந்ததிலேயே பெரிய பெட்டியை எடுத்து எனக்கு உடுப்பு அடுக்கினார். அதில் பாதி நான் பார்த்திராத கவுன்கள். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், கணுக்கால் வரை தொங்கியது. "பெருசா இருக்கும்மா" என்றேன். "வெயில் ஊரு. தொளதொளன்னு இருந்தாத்தான் காத்து வரும்" என்றார் அம்மா. நியாயமாகத்தான் பட்டது.

கிளம்புகிற அன்று அம்மாவுக்குக் காலை வேலை. வேலைச் சீருடையோடு உட்கார்ந்து எனக்குச் சடை பின்னினார். பின்னி முடித்ததை அவிழ்த்து மறுபடி பின்னினார். பின்னிக்கொண்டே சொன்னார்: அத்தை சொல்றபடி கேக்கணும், அடம் பிடிக்கக் கூடாது, குடுத்ததைச் சாப்பிடணும், வீட்டு ஞாபகம் வந்தாலும் அழக் கூடாது, அழுதா அத்தை மனசு கஷ்டப்படும். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினேன். தலையை ஆட்டாதே, சடை கோணுது என்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

விமான நிலையத்தில் தம்பி தானும் பிளேனில் போக வேண்டும் என்று அப்பாவின் தோளில் இருந்தபடி கத்தினான். அப்பா அவனுக்கு மிட்டாய்ப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். நான் கழுத்தில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, விமான நிறுவனத்துப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிக் கையசைத்தேன். அப்பா தம்பியின் மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பினாங்கில் இறங்கியதும் வெயில் முகத்தில் வந்து அப்பியது. குளிர்க் கோட்டைக் கழற்ற யாரும் சொல்லாததால் அதோடேயே வெளியே வந்தேன். அத்தை ஓடிவந்து அந்தக் கோட்டோடு சேர்த்து என்னைத் தூக்கினாள். ஒன்பது வயதுப் பெண்ணைத் தூக்குவது லேசு இல்லை. ஆனாலும் தூக்கிக்கொண்டே நடந்தாள். மாமா பெட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்ன லா, கல்லு கில்லு வச்சிருக்கா?" என்றார்.

மாமா ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். பாயான் பாருவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற அடுக்குமாடிகளில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் மின்னணுத் தொழிற்சாலைகளில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி ஏற்றிக்கொண்டு வருவார். அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில்தான் அத்தைக்கும் வேலை. அன்றைக்கு இரண்டு நடைக்கு நடுவில் பஸ்ஸோடேயே விமான நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். நாற்பது பேர் உட்காருகிற பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர் போனோம். இவ்வளவு பெரிய வண்டி எனக்காக மட்டும் வந்ததைத் திரும்பிப் போனதும் வகுப்பில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு பாயான் பாருவில் ஒன்பதாவது மாடியில் இருந்தது. எனக்கென்று ஓர் அறை. ரோஜா நிறச் சுவரில் சாய வாசனை இன்னும் போயிருக்கவில்லை. மெத்தையின் மேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஜன்னலோரம் எழுதுகிற மேசை, நாற்காலி, விளக்கு. மூன்று வாரத்துக்கு வந்தவளுக்கு எழுதுகிற மேசை எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டில் அப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தை பெட்டியைத் திறந்து உடுப்புகளை அலமாரியில் அடுக்கினாள். பெரிய கவுன் ஒன்றை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா எல்லாம் சொல்லித்தானே அனுப்புனாங்க?"

"சொன்னாங்க."

"உனக்கு ஓகேதானே?"

"ஓகே."

"அழமாட்டியே?"

"மாட்டேன். அழக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

அத்தைதான் அழுதாள். "ஏன் லா அழுவுறே, புள்ள பயந்துரும்" என்று மாமா அதட்டினார். அவர் குரலும் சரியாக இல்லை. அத்தைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது, வீட்டில் நாய் இல்லை, பியானோ இல்லை என்பது மாதிரியான ஒரு செய்தியாகத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. பொய் சொல்வானேன். காலையில் மாமாவோடு பஸ்ஸில் போவேன். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. ஏறுகிற மலாய்க்கார அக்காமார் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வாழையிலையில் மடித்த பலகாரம் தருவார்கள். மாமாவைப் பார்த்து "அனாக்?" என்று கேட்பார்கள். மாமா ஸ்டியரிங்கைத் தட்டி, "அனாக் சாயா, அனாக் சாயா" என்பார். அனாக் என்றால் விருந்தாளி என்று நானே முடிவு செய்துகொண்டேன். அனாக் என்றால் பிள்ளை, அனாக் சாயா என்றால் என் பிள்ளை என்று பின்னால் பள்ளியில்தான் படித்தேன். அதுவரை ஒவ்வொரு அக்காவிடமும் நானே முந்திக்கொண்டு, "அனாக், அனாக்" என்று மார்பைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் கீழே விளையாடுகிற பிள்ளைகளுக்கு நான்தான் பெரிய ஆள். "ஸ்னோ எப்படி லா இருக்கும்?" என்று கேட்டுச் சுற்றி உட்காருவார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு பேரங்காடியில் கூரையிலிருந்து சோப்பு நுரையை ஊதிப் பனி என்று விட்டார்கள். மற்ற பிள்ளைகள் அதில் குதித்தார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இது பனியே இல்லை என்று அறிவித்தேன். உண்மையில் லெஸ்டரில் பனி விழுந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதுவும் மத்தியானத்துக்குள் சேறாகிவிட்டது. அங்கே குளிர்காலம் என்றால் மழைதான். இதை நான் பினாங்கில் யாரிடமும் சொல்லவில்லை.

வாரக் கடைசியில் அத்தையின் கைபேசியில் அம்மா பேசுவார். "பசியாறியாச்சா?" என்று கேட்பார். என்ன சாப்பிட்டேன் என்று சொல்வேன். அம்மா "ம்" என்பார். பின்னால் தம்பி எதற்காவது அழுதுகொண்டிருப்பான். "வைக்கிறேன், தம்பி அழுவுறான்" என்று வைத்துவிடுவார்.

புத்தாண்டு நெருங்குகிற சமயம், அத்தை விடுப்பு எடுத்துக்கொண்டு என்னைக் கொம்தார் கட்டடத்துப் பக்கம் ஓர் உடுப்புக் கடைக்குக் கூட்டிப் போனாள். கடை முழுவதும் பிள்ளைகள். எல்லாருக்கும் நீல நிறப் பினாஃபோர், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. கடைக்காரர் என் தோளை அளந்துவிட்டு, "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்கக்கா. புள்ள வளந்துரும், அடுத்த வருசமும் போடலாம்" என்றார். நான் பினாஃபோரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினேன். எனக்கு அது பண்டிகை வேஷம் மாதிரி பிடித்திருந்தது.

"அத்தை, இதைப் போட்டுக்கிட்டே ஊருக்குப் போகட்டுமா? எங்க டீச்சர் பாத்தா ஆசைப்படுவாங்க. இந்தச் சனிக்கிழமைதானே பிளேன்?"

"எந்தப் பிளேன்?"

"லெஸ்டருக்கு. ஸ்கூல் திறக்குதுல்ல?"

அத்தையின் கையிலிருந்த சப்பாத்துகள் அப்படியே நின்றன. "அம்மா எல்லாம் சொன்னாங்கன்னு சொன்னியே, கண்ணு" என்றாள். "என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். அத்தை சொல்றபடி கேக்கணும், அடம் பிடிக்கக் கூடாது, குடுத்ததைச் சாப்பிடணும்.

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலையே."

சப்பாத்துப் போட்டுப் பார்க்கிறவர்களுக்காக அங்கே ஒரு குட்டி முக்காலி இருந்தது. அத்தை அதில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "கட்டவாக்கா, வேணாமா?" என்று கேட்டார். பின்னால் வேறு ஆட்கள் நின்றார்கள். அத்தை என்னைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு நிமிடம் அவளுக்கு இருந்தது, நான் பக்கத்திலேயே நின்றேன், எனக்குத் தெரியும். நாற்பது வயது வரை காத்திருந்தவளுக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை.

"கட்டுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்கு வெளியே இருக்கிற நடைபாதையில் நின்று அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். இங்கே சாயந்திரம் என்றால் அங்கே காலை. "அண்ணே, சொல்லிட்டோம், புள்ள ஒத்துக்கிச்சுன்னு சொன்னீங்களே" என்று தொடங்கி, குரலைத் தாழ்த்தி நிறையப் பேசினாள். கடைசியில் சத்தமாக, "நீங்களே சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. அவகிட்ட குடுக்குறேன்" என்று ஃபோனை என் கையில் திணித்தாள்.

"கண்ணு" என்றார் அப்பா. தம்பி பார்க்கிற கார்ட்டூனின் பாட்டு கேட்டது. நானும் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இங்க ரொம்பப் பனி கண்ணு. ஏர்போர்ட்டை மூடிட்டாங்க. ஒரு பிளேனும் பறக்கல. பனி நிக்கிற வரைக்கும் நீ அங்கயே இரு. அங்க ஸ்கூல் திறக்குறாங்களாம், வீட்ல இருந்தா உனக்கும் போரடிக்கும். சும்மா போய்ப் பாரு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிஜப் பனி, விமான நிலையத்தையே மூடுகிற பனி, அதுவும் நான் இல்லாத நேரம் பார்த்து விழுகிறது என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது. "ஸ்னோ அத்தை! பெரிய ஸ்னோ!" என்று குதித்தேன். அத்தை ஃபோனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். அங்கே வைத்துவிட்டிருந்தார்கள்.

அத்தை சமையலறைக்குள் வந்து ஃபோனை மேசையில் வைத்தாள்.

"நாம சொல்லிரலாம் லா" என்றார் மாமா.

"பெத்தவங்க வாயில வராதது என் வாயில வரணுமா?"

"என்ன சொல்லணும் மாமா?" என்று கேட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். "பசியாற வான்னு சொல்லணும். வா வா, ரொட்டி ஆறிப்போவுது" என்றார்.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் விமான நிலையத்துக்கு இறங்குகிற விமானங்கள் சக்கரம் தெரிகிற உயரத்தில் போகும். அந்தச் சனிக்கிழமை நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

"பிளேன் பறக்குதே மாமா?"

"அது கோலாலம்பூர் பிளேன் லா. அங்க ஏது ஸ்னோ?"

ஜனவரியில் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் பார்க்கத்தான் போனேன். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். முதல் நாள் என்பதால் டீச்சர் பாடம் நடத்தவில்லை. ஒவ்வொருவராக எழுந்து விடுமுறைக்கு எங்கே போனோம் என்று சொல்லச் சொன்னார். ஒருத்தி லங்காவி என்றாள். ஒருவன் ஈப்போவில் பெரியம்மா வீடு என்றான். ஒரு பையன் எங்கும் போகவில்லை, அம்மை போட்டிருந்தது என்றான்.

என் முறை வந்தது. பினாஃபோரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

"என் லீவு இன்னும் முடியல டீச்சர். நான் லீவுலதான் இருக்கேன். எங்க ஊர்ல ஸ்னோ. அது நின்னதும் போயிருவேன்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் என் கையைப் பிடித்து வாசல் வரை வந்தார். அத்தை அங்கே நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகவில்லை, காலையிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறாள் என்பது அவள் சேலையில் படிந்த வேர்வையில் தெரிந்தது. டீச்சர் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய்ப் பேசினார். எனக்குக் கேட்டது ஒரு வரி மட்டும்: "புள்ளைக்குத் தெரியாதாக்கா?" அத்தை என் பக்கம் வந்து புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழியில் ஐஸ் வாங்கித் தந்தாள்.

அன்று சாயந்திரம் அத்தை மறுபடி நடைபாதைக்குப் போய் ஃபோன் போட்டாள். சமையலறை ஜன்னல் கண்ணாடிச் சட்டங்கள் சரியாக மூடாது. நான் உள்ளே மேசையில் அமர்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தேன்.

"முடியாதுண்ணே. என்னால முடியல. எனக்குப் புள்ள இல்லன்னுதான் கேட்டேன். ஏமாத்திக் குடுங்கன்னு கேக்கல."

நான் மைலோவை ஒரு வாய் உறிஞ்சினேன்.

"நான் டிக்கெட் போட்டு அனுப்பிடுறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிக்கிட்டாப் போதும்."

நான் மைலோவைக் கீழே வைத்தேன். வெளியே அத்தை வெகுநேரம் பேசாமல் நின்றாள்.

"அண்ணிகிட்ட குடுங்க" என்றாள். பிறகு, "நீங்களுமா அண்ணி?" என்றாள்.

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. டிக்கெட் போட்டு அனுப்பப் போகிறாள். அறைக்கு ஓடினேன். கட்டிலுக்குக் கீழே இருந்து பெட்டியை இழுத்தேன். அலமாரியில் இருந்ததை எல்லாம் அள்ளிப் போட்டேன், பெரிய கவுன்களையும்தான். பினாஃபோரைக் கழற்றி, கடையில் திருப்பிக் கொடுக்கத் தோதாக மடித்துக் கட்டிலில் வைத்தேன். பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து மூடினேன்.

அத்தை உள்ளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள், ஆனாலும் கண் சிவந்திருந்தது. பெட்டியைப் பார்த்தாள். என்னை மெதுவாக இறக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு உடுப்பாக எடுத்து உதறி மடித்து அலமாரியில் வைத்தாள். நான் எடுத்துப் பெட்டியில் போட்டேன். அவள் மறுபடி எடுத்தாள். நான் பிடுங்கினேன்.

"டிக்கெட் போடுறேன்னு சொன்னீங்க! நான் கேட்டேன்!"

அத்தையின் கை நின்றது. "வேற என்ன கேட்டே?"

"அவ்வளவுதான். அப்பா வரச் சொன்னாங்கதானே? அம்மாவும் வரச் சொன்னாங்கதானே?"

மாமா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் எதையோ சொல்லிவிட வாயெடுத்தார். அத்தை அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தாள்.

"ஆமா" என்றாள். "வரச் சொன்னாங்க. நான்தான் விடல."

"ஏன்?"

"எனக்கு நீ வேணும். அதான்."

அவள் கையைப் பிடித்துக் கடித்தேன். விட்டபோது பல் பதிந்த இடம் வெளுத்துப் பிறகு சிவந்தது. எனக்குத் தெரிந்த தமிழில் ஆகக் கெட்ட வார்த்தை எது என்று தேடி, "திருடி" என்றேன்.

"ஏய்!" என்று மாமா உள்ளே வந்தார்.

"விடுங்க" என்றாள் அத்தை. "சொல்லட்டும்."

அதையே பலமுறை சொன்னேன். அவள் கடைசிக் கவுனையும் மடித்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். காலையில் பினாஃபோர் இஸ்திரி போடப்பட்டு நாற்காலியில் தொங்கியது.

அதற்குப் பிறகு அவளை நான் அத்தை என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் வந்தால் பக்கத்தில் போய் நிற்பேன். லெஸ்டரில் பனி எப்போது நின்றது என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சே இல்லாமல் வேறு காரணங்கள் வந்தன. வீடு சின்னது, தம்பிக்கு மூச்சிரைப்பு, அப்பாவுக்கு வேலை நிரந்தரமில்லை, அங்கேதான் படிப்பு நல்லா இருக்கு. ஒவ்வொன்றையும் நான் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன். உண்மையான காரணம் எனக்குத்தான் தெரியுமே. ஃபோனில் அம்மா "பசியாறியாச்சா?" என்று கேட்கும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் குரல் அது என்று நினைத்துக்கொள்வேன். "கவலைப்படாதீங்கம்மா, நான் எப்படியாச்சும் வந்துருவேன்" என்று அத்தைக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொல்வேன். அம்மா "சரி" என்பார்.

எனக்குப் பதினாறு வயதான டிசம்பரில் அம்மாவும் தம்பியும் பினாங்குக்கு விடுமுறைக்கு வந்தார்கள். கடற்கரைப் பக்கம் ஹோட்டலில் தங்கினார்கள். தம்பிக்கு அப்பாவின் தாடை, தமிழ் ஒரு சொல் கிடையாது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது அத்தை தேநீர் போட உள்ளே போனாள். அம்மா சோபாவில் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உன் அத்தை இப்ப இப்படிப் பாசமா இருக்கா. வந்த ஒரு மாசத்துலயே உன்னைத் திருப்பி அனுப்பப் பாத்தா, தெரியுமா? டிக்கெட் போட்டு அனுப்புறேன்னு ஒரே பிடிவாதம். நாங்க ரெண்டு பேரும்தான் வேணவே வேணாம்னு சொல்லி நிப்பாட்டினோம். உன் நல்லதுக்குத்தான்."

அத்தையைப் பற்றி என்னிடம் குற்றம் சொல்வதாகத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது. நான் என் கையை எடுக்கவில்லை. அத்தை தட்டோடு வந்து, விருந்தாளி என்பதால் முதல் கோப்பையை அம்மாவிடம் நீட்டினாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அம்மா போதும் என்றார்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே அத்தை வெகுநேரம் பேசாமல் நின்றிருந்தபோது, அந்த நேரம் முழுவதும் லெஸ்டரில் யாரோ பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அது மட்டும் ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.